பூட்டு, சாவி, ஒரு டீ: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு பதிலின் கடைசியில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. சும்மா விடுவானேன் என்று ஒரு கேள்வி கேட்டு வைத்தேன்: "உங்கள் வீட்டில் நீங்கள் மட்டும் பூட்டித் திறக்கிற இடம் ஏதாவது இருக்கிறதா? அலமாரி, டிராயர், தகர டப்பா, எதுவானாலும் சரி." வந்த கடிதங்களை ஆசிரியர் ஒரு கட்டைப்பையில் போட்டு அனுப்பியிருக்கிறார். ஒருவர் தன் பைக் சீட்டுக்கு அடியில் இருக்கும் இடத்தைச் சொல்கிறார். ஒரு அம்மாவுக்கு பீரோவுக்குள் லாக்கரே இருக்கிறது, ஆனால் சாவி மாமியார் இடுப்பில். ஒரு கல்லூரி மாணவி 'என் போன்' என்று எழுதி, அதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'பேட்டர்ன் அண்ணனுக்குத் தெரியும்' என்று சின்னதாக எழுதியிருக்கிறாள். அந்த அடித்தலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பலர் இதைத் தொட்டு வேறு கேள்விகளும் கேட்டிருக்கிறார்கள், இந்த முறை அவை மட்டும். சமையல் குறிப்பு கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

நான் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை, பதினொரு வருட சர்வீஸ். சம்பளம் என் கணக்கில்தான் வருகிறது. ஏடிஎம் கார்டு கணவர் பர்ஸில் இருக்கிறது. வங்கியில் கொடுத்திருக்கும் செல் நம்பரும் அவருடையதுதான். அவர் கெட்டவர் இல்லை, குடி கிடையாது, கேட்டால் தருவார். ஆனால் போன மாதம், ஓய்வு பெறும் டீச்சருக்குப் பரிசு வாங்க 300 ரூபாய் கேட்டபோது "எதுக்கு அவ்வளவு?" என்றார். அன்றிலிருந்து ஏதோ உறுத்துகிறது. நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?
— பெயர் வேண்டாம், நாமக்கல்

டீச்சர், 'கேட்டால் தருவார்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் முதல் சொல்லை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

31 வருடம் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தவள் நான். உங்களை மாதிரி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஒரு நர்ஸ் வருவார். பணம் எடுக்கும் சீட்டில் 2000 என்று எழுதுவார், எழுத்தாலும் எழுதுவார், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே வண்டியில் உட்கார்ந்திருக்கும் கணவரைத் திரும்பிப் பார்ப்பார். அவர் தலையாட்டுவார். அப்புறம்தான் பேனா நகரும். அவருடைய கணக்கு, அவருடைய நைட் டூட்டிப் பணம், அவருடைய கையெழுத்து. அந்த ஆளும் கெட்டவரில்லை, வெயிலில் காத்திருந்து கூட்டிப்போவார். ரெண்டு பேருக்குமே அது தப்பாகத் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அடி உதை இருந்தால்தான் வன்முறை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பொருளாதார வன்கொடுமையும் சேர்த்தி, பெண்ணுக்கு உரிமையுள்ள பணத்தை அவளுக்குக் கிடைக்காமல் செய்வதும் அதில் அடங்கும். உங்கள் வீட்டுக்காரர் மேல் அதைப் பாய்ச்சுங்கள் என்று நான் சொல்லவில்லை. சட்டம் எழுதியவர்களுக்கே இது பெரிய விஷயமாகத்தான் பட்டிருக்கிறது, உங்களுக்குப் படுவதில் என்ன தப்பு என்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் கார்டைக் கேட்காதீர்கள். செல் நம்பரை மாற்றுங்கள். ஆதாரும் பாஸ்புக்கும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனால் ஒரு படிவம்தான், மதிய இடைவேளையில் முடிகிற வேலை. நம்பர் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் ஓடிபி போகும், அவருக்குத்தான் கணக்கு சொந்தம், பாஸ்புக்கில் யார் பெயர் இருந்தாலும் சரி. ஆனால் அதற்கு முன்னால் அந்தக் கணக்கிலிருந்து வீட்டுக்கடன் தவணை, இன்சூரன்ஸ் என்று எதெல்லாம் தானாகக் கழிகிறது என்று ஒரு வருட ஸ்டேட்மென்ட் வாங்கிப் பாருங்கள், நீங்கள் அவசரத்தில் எதையாவது மாற்றி தவணை போகாமல் நின்றுவிட்டால் 'இதுக்குத்தான் சொன்னேன்' என்ற பேச்சு வரும். அடுத்தது கார்டு. அதன் ரகசிய எண் கணவனுக்கும் தெரியக்கூடாது என்பது வங்கியே போட்டிருக்கும் விதி, நீங்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

வீட்டில் சொல்லும்போது 'எனக்குச் சுதந்திரம் வேண்டும்' என்று ஆரம்பிக்க வேண்டாம், அந்தச் சொல்லைக் கேட்டாலே பலருக்குக் காது அடைத்துக்கொள்ளும். "இனிமேல் என் சம்பளக் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன், வீட்டுச் செலவுக்கு ஒண்ணாம் தேதி இவ்வளவு வந்துவிடும்" என்று சொல்லுங்கள், தொகையையும் சொல்லுங்கள், காரணம் மட்டும் சொல்லாதீர்கள். காரணம் சொன்னால் அதை வைத்து விவாதம் ஆரம்பிக்கும், விவாதத்தில் நீங்கள் தோற்பீர்கள், ஏனென்றால் நீங்கள் அவரைப் புண்படுத்த விரும்பாதவர். ரெண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். இருக்கட்டும். முகத்தைத் தூக்குவதைத் தாண்டிப் போனால் 181-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பெண்களுக்கான உதவி எண்.

அந்த 300 ரூபாய்க்கு என்ன பரிசு வாங்கினீர்கள் என்று எழுதவே இல்லையே?

எனக்கு 29 வயது, சென்னையில் ஐடி வேலை, சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம். பங்குனி உத்திரத்துக்கு அம்மாவோடு சாஸ்தா கோயிலுக்குப் போய் பொங்கல் வைக்கிறேன். நண்பர்களோடு இருக்கும்போது சாமியே இல்லை என்கிறேன். ஆபீஸில் இரண்டும் இல்லை, மேனேஜர் சிரிக்கும்போது சிரிக்கிறேன். மூன்று இடத்தில் மூன்று ஆள். இதில் நிஜமான நான் யார்?
— சோழிங்கநல்லூர் வாசகர்

தம்பி, வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறோம், ரோட்டில் போட்டுக்கொண்டு நடக்கிறோம். கால் ஒன்றுதான். மூன்று இடத்தில் மூன்று விதமாக இருப்பதை நான் நடிப்பு என்று சொல்லமாட்டேன். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிற ஒருவரை எனக்குத் தெரியும், அவரோடு ஒரு கல்யாணத்துக்குப் போய் நான் பட்ட பாடு வேறு கதை.

வின்னிகாட் என்று இங்கிலாந்துக்காரர் ஒருவர், குழந்தை மருத்துவராக இருந்து உளப்பகுப்பாய்வுக்கு வந்தவர். 1960-ல் எழுதிய கட்டுரையில் ஆளுக்குள் ஒரு நிஜத் தன்மையும் ஒரு போலித் தன்மையும் இருப்பதைப் பற்றிச் சொல்கிறார். தலைப்பைப் பார்த்துவிட்டு, போலியை ஒழித்துக்கட்டச் சொல்வார் என்று நினைத்தேன். மனிதர் அப்படிச் சொல்லவில்லை. ஆரோக்கியமான ஆளிடம் அந்தப் போலி என்பது வெறும் மரியாதை, நாலு பேர் நடுவில் நடந்துகொள்ளும் முறை, உள்ளே இருக்கும் நிஜத்துக்கு அது ஒரு காவல். காவல்காரனே வீட்டை எடுத்துக்கொண்டு, சொந்தக்காரனை வெளியே வரவிடாமல் செய்யும்போதுதான் வியாதி. அப்படிப்பட்ட ஆள் வெளியே நன்றாக முன்னேறுவான், உள்ளே மட்டும் வெறுமையாக இருக்கும்.

இப்போது உங்கள் மூன்று ஆட்களைப் பார்ப்போம். சாஸ்தா கோயிலில் அம்மாவுக்கு விறகு எடுத்துக் கொடுக்கிற ஆளுக்கு சாமி நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அம்மா மேல் பிரியம் இருக்கிறது, அது பொய்யில்லை. நண்பர்களிடம் வாதாடுகிற ஆள் உங்கள் மூளை. இந்த இரண்டு பேரும் ஒரே ரூமில் வாடகைக்கு இருக்கலாம், சண்டை வராது. எனக்கு யோசனையாக இருப்பது மூன்றாவது ஆள். நகைச்சுவை புரியாமல் சிரிப்பவன். அவனுக்கு என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை, 'மேனேஜர் சிரிக்கும்போது' என்று அவனுடைய சிரிப்பைக்கூட இன்னொருத்தர் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

ஒன்று செய்து பாருங்கள். அடுத்த முறை ஆபீஸ் நேரத்தில் அம்மா போன் செய்து "சாப்பிட்டியாலே" என்று கேட்டால் எழுந்து மாடிப்படிக்கு ஓடாமல், இருந்த இடத்திலிருந்தே "இப்பதாம்மா சாப்பிட்டேன், பொறவு பேசுதேன்" என்று உங்கள் ஊர்த் தமிழில் பேசுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். பார்க்கட்டும். மேனேஜரின் ஜோக்குக்கு அப்புறம் வரலாம், அது கொஞ்சம் கஷ்டமான பாடம்.

நான் ஒளிவு மறைவில்லாதவன். மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன், நடிக்கத் தெரியாது. அதனாலேயே சொந்தக்காரர்கள் ஒதுக்குகிறார்கள். உண்மையாக இருப்பது குற்றமா?
— ஈரோடு வாசகர்

ஒரே ஒரு எதிர்க்கேள்வி. கடன் கேட்டுப் போன இடத்திலும், பத்திரப் பதிவுக்குப் போன இடத்திலும், முதலாளியிடம் சம்பளம் பேசப் போன இடத்திலும் மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் நீங்கள் நிஜமாகவே அப்படிப்பட்டவர்தான், சொந்தக்காரர்களை விட்டுத் தள்ளுங்கள். அங்கெல்லாம் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டு, மச்சினி வைத்த குழம்பில் உப்பு கூட என்பதை மட்டும் பந்தியில் வைத்து உரக்கச் சொல்கிறீர்கள் என்றால் அதற்கு வேறு பெயர்.

சுதந்திரம், பூட்டு, சாவி என்று எழுதுகிறீர்கள். நான் ஜவுளிக்கடையில் சேலை செக்ஷனில் நிற்கிறேன். காலை 9.30-லிருந்து ராத்திரி 9 வரை. உட்காரக்கூட சுதந்திரம் இல்லாதவளுக்கு அலமாரிச் சாவி எதுக்கு அக்கா?
— திருச்சி வாசகி

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நான் எழுந்து நின்றே கொஞ்ச நேரம் இருந்தேன், வேறொன்றும் தோன்றவில்லை.

உனக்குத் தெரியுமோ தெரியாதோ, நீ உட்காருவதற்கு இந்த மாநிலத்தில் சட்டம் இருக்கிறது தங்கச்சி. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. 2021-ல் அதில் 22-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வேலை செய்கிற எல்லாருக்கும் கடைக்குள் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார விட வேண்டும், வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்கும்படி வைக்கக்கூடாது, அவ்வளவுதான் அந்தப் பிரிவு. நமக்கு முன்னால் 2018-ல் கேரளம் செய்தது. அங்கேயும் அது தானாக வந்துவிடவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் 'பெண்கூட்டு' என்று சேர்ந்து, முதலில் கழிப்பறைக்கும் அப்புறம் உட்காருவதற்கும் வருஷக்கணக்கில் போராடினார்கள். 'இரிக்கல் சமரம்' என்று அதற்குப் பெயர், உட்காரும் போராட்டம். உலகத்திலேயே ரொம்ப எளிமையான கோரிக்கை அதுவாகத்தான் இருக்கும்.

சட்டம் வந்த பிறகு நான் ஜவுளி எடுக்கப் போகும்போதெல்லாம் ஸ்டூல் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஒரு கடையில் ஸ்டூல்கள் இருந்தன, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, மேலே சேலை அட்டைப்பெட்டிகளை ஏற்றி வைத்திருந்தார்கள். "உட்கார மாட்டீங்களா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். மேலே மூலையில் இருந்த கேமராவைக் கண்ணால் காட்டினாள்.

ஆகவே 'சட்டம் இருக்கிறது, உட்கார்' என்று உனக்குச் சொல்லிவிட்டு நான் விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொள்வது அழகில்லை. தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். ஆனால் தனியாக, உன் பெயர் போட்டுக் கொடுக்காதே, மறுநாள் வேலை இருக்காது. செக்ஷனில் நாலு பேர் சேர்ந்தால் ஒரு கதை, மாடிக்கு மாடி சேர்ந்தால் வேறு கதை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்: அடுத்த முறை சேலை எடுக்கும்போது, எடுத்துப்போடும் பெண்ணிடம் "உக்காந்துக்கம்மா, நான் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சூப்பர்வைசர் காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள். வாங்குகிறவர் சொன்னால் கடைக்காரர் காதில் ஏறும்.

சாவிக் கேள்வியை உன்னிடம் கேட்டதற்கு மன்னித்துக்கொள்.

எல்லாவற்றையும் உதறிவிட்டு எங்காவது போய்விட்டால்தான் நிம்மதி என்று தோன்றுகிறது. துறவுதான் உண்மையான விடுதலை இல்லையா?
— திருவண்ணாமலை வாசகர்

உங்கள் ஊர் கிரிவலப் பாதையில் காவி கட்டியவர்கள் எத்தனை மணிக்கு எந்த அன்னதானத்துக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்று அட்டவணை போட்டு வைத்திருப்பதை நீங்கள் என்னைவிட நன்றாகப் பார்த்திருப்பீர்கள். இருபது சொச்சம் வயதில் வீட்டில் கோபித்துக்கொண்டு காசிக்குப் போன பெரியாரும் அங்கே பசி தாங்காமல் எச்சில் இலையில் மீந்ததைச் சாப்பிட்டு, ஈரோடு திரும்பி மண்டிக் கணக்கைப் பார்த்தவர்தான். பிறகு அவர் செய்த கலகமெல்லாம் ஊருக்குள் இருந்துகொண்டு செய்தது. நாலு நாள் லீவு போட்டுத் தூங்குங்கள் முதலில்.

எங்கள் இரண்டு வீட்டிலும் சம்மதம்தான், பிரச்சினை அதில்லை. நானும் அவளும் ஐம்பது பேர் முன்னால் மாலை மாற்றிக்கொண்டு சுயமரியாதைத் திருமணம் செய்ய ஆசைப்படுகிறோம். அம்மா ஒரே அழுகை. மண்டபம், 1200 பேர், கறி விருந்து வேண்டுமாம். அதற்கு நான் நாலு லட்சம் கடன் வாங்க வேண்டும். என் கல்யாணத்தில்கூட நான் நானாக இருக்க முடியாதா? இது சட்டப்படி செல்லுமா என்று மாமா வேறு பயமுறுத்துகிறார்.
— கீரமங்கலம் வாசகர்

மாமாவை முதலில் முடித்துவிடலாம். 1967-ல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டில் திருத்தம் கொண்டுவந்து 7-அ பிரிவைச் சேர்த்தார்கள். உறவினரோ நண்பரோ யாராவது முன்னால், தெரிந்த மொழியில் இவரை என் துணையாக ஏற்கிறேன் என்று சொன்னால் போதும், அல்லது மாலை மாற்றினால் போதும், மோதிரம் போட்டால் போதும், தாலி கட்டினாலும் சரி. புரோகிதர் வேண்டாம், அக்னி வேண்டாம். அதற்கு முன்னால் நடந்த சுயமரியாதைக் கல்யாணங்களையும் சேர்த்தே செல்லும் என்று அந்தத் திருத்தம் சொல்லிவிட்டது. 2023-ல் உச்ச நீதிமன்றம், இந்தத் திருமணத்தை ஊரறிய அறிவித்து நடத்த வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை என்று தீர்ப்பளித்தது. 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். மாமா பாடம் முடிந்தது.

இப்போது அம்மா. தம்பி, உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. ஆடி, ஆவணி வந்தால் பந்தல் போட்டு மொய் விருந்து வைக்கிற பூமி உங்களுடையது. நான் அந்தப் பக்கக் கிளையில் வேலை பார்த்திருக்கிறேன், மறுநாள் காலையில் மஞ்சள் பையில் கசங்கின நோட்டாக வந்து கொட்டுவார்கள், எண்ணி முடிக்க மதியமாகிவிடும். உங்கள் அம்மா பீரோவில் ஒரு நோட்டு இருக்கும், போய்ப் பாருங்கள். முனை மடங்கிப்போன நீள நோட்டு. யார் வீட்டுக் காதுகுத்துக்கு எவ்வளவு, யார் வீட்டுப் புதுமனைக்கு எவ்வளவு, முதலில் 51, அப்புறம் 101, அப்புறம் 501, 1001 என்று முப்பது வருஷமாக, சில நேரம் கம்மலை வைத்துக்கூட, ஊரெல்லாம் எழுதி வைத்த பணம் அது. அதைத் திரும்ப வாங்க அவருக்கு இருப்பது உங்கள் கல்யாணம் ஒன்றுதான். நீங்கள் 'எளிமையான திருமணம்' என்று சொல்லும்போது அவர் காதில் 'நோட்டைக் கிழித்துப் போடு' என்று விழுகிறது. அவர் அழுவது சடங்குக்காக என்று மட்டும் நினைத்தீர்களா?

மண்டபம் பிடித்துச் சடங்கு செய்யுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஐம்பது பேரோடு உங்கள் விருப்பப்படி மாலை மாற்றுங்கள், அந்த இடத்தில் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்காதீர்கள். கடனும் வாங்காதீர்கள், ஒரு ரூபாய்கூட. அம்மாவின் விருந்தை அம்மாவின் பெயரில், அம்மா அச்சடித்த பத்திரிகையில், வேறொரு நாள் அவர் வைக்கட்டும், செலவை வரவிலிருந்து அவரே கழித்துக்கொள்வார், கணக்கு அவருக்கு நமக்கு மேல் தெரியும். நீங்கள் வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்று கும்பிடு போடுங்கள். அன்றைக்கு நீங்கள் வெறும் கும்பிடு போடுகிற ஆள்தான், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

அப்பா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அம்மாவுக்கு 68 வயது, மயிலாடுதுறையில் தனியாக இருக்கிறார். பெங்களூருவில் எங்கள் வீட்டில் அவருக்குத் தனி அறையே போட்டு வைத்திருக்கிறோம். வரமாட்டேன் என்கிறார். காரணம் கேட்டால் சொல்வதில்லை. பிள்ளை கவனிக்கவில்லை என்று ஊர் பேசாதா?
— பெங்களூரு வாசகர்

காரணம் கேட்டால் சொல்வதில்லை என்று குறைப்படுகிறீர்கள். மேலே ஒரு டீச்சருக்கு நானே காரணம் சொல்லாதே என்று எழுதிவிட்டு வந்திருக்கிறேன், உங்கள் அம்மா என்னிடம் கேட்காமலேயே அதைச் செய்திருக்கிறார்.

உங்கள் கடிதத்தில் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் எங்கே என்று தேடினேன். கடைசி வரியில் ஊர்தான் இருக்கிறது. தப்பாக நினைக்காதீர்கள், எல்லாருமே அப்படித்தான் எழுதுகிறோம்.

அடுத்த முறை போன் செய்யும்போது "ராத்திரி என்ன சாப்பிட்டே?" என்று கேளுங்கள், கேட்டுவிட்டு அறிவுரை எதுவும் சொல்லாமல் இருங்கள். "ரெண்டு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும்" என்பார் அநேகமாக. உங்களுக்குப் பகீரென்று இருக்கும். அவருக்கு எப்படி இருக்கும் தெரியுமா? நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரு மனுஷி, ஒருத்தருக்குக் காரம் ஆகாது, ஒருத்தருக்குக் கத்தரிக்காய் ஆகாது, எட்டு மணிக்குத் தட்டு வைக்க வேண்டும் என்று இன்னொருத்தர் வயிற்றைக் கணக்குப் பண்ணியே அடுப்பு மூட்டியவர், இன்றைக்கு அடுப்பே மூட்ட வேண்டாம் என்று தானாக முடிவு செய்கிறார். அப்பா மேல் பாசம் இல்லாமல் இல்லை, படத்துக்கு தினம் பூ வைப்பார், கூடவே பதினொரு மணி வரை டிவியும் பார்ப்பார். உங்கள் வீட்டு அறையில் ஏசி இருக்கும். அடுப்பு உங்கள் மனைவியுடையது, ரிமோட் பேரனுடையது.

பயத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். பாத்ரூமில் பிடித்து எழும் கம்பி பதித்து, வழுக்குகிற தரையை மாற்றுங்கள். வாசல் கதவின் மாற்றுச் சாவி ஒன்று எதிர்வீட்டில் இருக்கட்டும், எதிர்வீடு எது என்பதை அம்மா முடிவு செய்யட்டும். முதியோர் உதவி எண் 14567, பெரிய எழுத்தில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டுங்கள். பெங்களூருவிலிருந்து ராத்திரி ரயில் ஏறினால் காலையில் அம்மா கையால் காப்பி. மாதம் ஒருமுறை ஏறுங்கள், ஊர் பேசுகிற வாய்க்கு அதுவே போதும்.

52 வயதில் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை. மகள் சிரிக்கிறாள். "எங்கம்மா போகப் போற, நான் கொண்டு விடறேன்" என்கிறாள். அசட்டுத்தனமா?
— கரூர் வாசகி

எங்கே போகப் போகிறாய் என்று கேட்க ஆளில்லாத இடத்துக்குத்தான் போகப் போகிறீர்கள்.

1992-ல் நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் வேலை பார்த்தேன். அறிவொளி இயக்கம் நடந்த காலம். எழுத்துச் சொல்லிக் கொடுக்க வந்தவர்கள் பெண்களுக்கு சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள், அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரிய துணை. அந்த மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். ஆரம்பத்தில் கேலி, விசில், கெட்ட பேச்சு எல்லாம் உண்டு. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்கினவர்கள் நிறையப் பேர், சிலருக்கு அதுதான் பிடித்தது, முன்பக்கக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே! எங்கள் கிளைச் சுவரில் சாய்த்து வைத்த ஒரு ஜென்ட்ஸ் சைக்கிள் இன்னும் கண்ணில் நிற்கிறது, கம்பியில் பழைய துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தது, பிள்ளைக்குத் தொடை வலிக்காமல் இருக்க. அந்தப் பெண் முன்பெல்லாம் பஸ்ஸுக்காகவோ, புருஷனோ அண்ணனோ கொண்டு விடுவதற்காகவோ காத்திருந்தவள்.

எல்எல்ஆர் போடும்போது 40 வயதுக்கு மேல் என்றால் டாக்டரிடம் மருத்துவச் சான்று கேட்பார்கள், அதை மட்டும் வாங்கி வையுங்கள். காலையில் ஆளில்லாத மைதானத்தில் ஆரம்பியுங்கள். மகள் சொல்லித் தர வேண்டாம், கத்துவாள்.

எல்லாருக்கும் சொல்கிறீர்கள். உங்களுக்கு என்ன சுதந்திரம் இல்லை? உண்மையைச் சொல்லுங்கள்.
— திண்டுக்கல் வாசகர்

கிடுக்கிப்பிடி. சொல்கிறேன்.

எனக்கு 63 வயது. பென்ஷன் வருகிறது, வீட்டுச் சாவி என் கையில், ஏன் லேட் என்று கேட்க ஆளில்லை. ஆனாலும் ரோட்டோர டீக்கடையில் தனியாக நின்று ஒரு டீ குடித்ததில்லை. கிளையில் இருந்த 31 வருஷமும் ஆண்கள் பதினொரு மணிக்கு எழுந்து கடைக்குப் போவார்கள், எங்களுக்கு ஃபிளாஸ்க்கில் வரும். அங்கே நிற்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, யாரும் என்னைத் தடுத்ததும் இல்லை. அதுதான் வெட்கம்.

போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ் வரத் தாமதமாயிற்று. எதிரில் டீக்கடை, பாய்லரில் ஆவி, ஆறேழு ஆண்கள். ரோட்டைத் தாண்டிப் போய் நின்றேன். மாஸ்டர் என்னைப் பார்த்து, "பார்சலாம்மா?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். நானும் "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். பிளாஸ்டிக் பையில் கட்டின டீயைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன், வீட்டுக்கு வந்தபோது ஆறிப்போயிருந்தது, சூடு பண்ணிக் குடித்தேன்.

இந்தக் கடிதக் கட்டு வந்த பிறகு, போன வியாழக்கிழமை, அதே கடை. "பார்சலாம்மா?" "இல்ல, இங்கதான்." பெஞ்சில் இருந்த ஒருவர் பேப்பரை மடித்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தார். நான் உட்காரவில்லை, நின்றுகொண்டே குடித்தேன். கிளாஸை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் விரலைச் சுட்டுக்கொண்டேன். எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன், எதிரில் ஒரு மினி வேன்காரர் ரிவர்ஸ் எடுக்கத் திணறிக்கொண்டிருந்தார், எல்லாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீ கொஞ்சம் தண்ணியாகத்தான் இருந்தது. அடுத்த முறை ஸ்ட்ராங்காகக் கேட்க வேண்டும்.